சங்குக்கு ஏது தாழ்ப்பாள்?

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் என் மானம் போய்விடும். அக்கா மகள் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, நீங்க எழுதுறவர்தானே? எனக்கு அவசரமா ஒரு இன்ஸ்பிரேஷன் வேணும்."

"எதுக்கு?"

"என் டிசைனுக்கு."

"எப்போ வரையப்போறே?"

"வரைஞ்சு முடிச்சாச்சு மாமா. இன்ஸ்பிரேஷன் மட்டும்தான் பாக்கி."

கட்டடக்கலைப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளின் வழக்கமே இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் கட்டடம் வந்துவிடும். அது எதிலிருந்து பிறந்தது என்று அப்புறம் தேடிப் பிடித்து முதல் தாளில் ஒட்டுவார்கள். பிள்ளை பிறந்த பிறகு மூக்கு யார் ஜாடை என்று தேடுகிறோமே, அதுபோல. அவள் வகுப்பில் ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் பட்டாம்பூச்சியைப் பிடித்துவிட்டானாம். பேருந்து நிலையத்துக்கு ஒருத்தி மீன் முள்ளை எடுத்துக்கொண்டாள். தேன்கூட்டுக்கு மட்டும் வருடா வருடம் அடிதடி.

நான் சிரித்தேன். சிரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. "இந்தக் கதை எப்படித் தோன்றியது?" என்று யாராவது மைக்கை நீட்டினால் மழை, ரயில், கூட்டத்தில் பார்த்த ஒரு முகம் என்று கைக்கு வந்ததை எடுத்துவிடுகிறவன்தான் நானும்.

2

இனி தொடக்கம். எழுதிப் பார்த்துக் கைவிட்டவை:

"பிறந்தபோதே கையில் பென்சிலோடு—" (இல்லை. நான் அங்கேதான் இருந்தேன். கையில் ஒன்றும் இல்லை.)

"கண்காட்சிக் கூடத்தில் வெளிச்சம் சாய்வாக—" (எந்தக் கதையில்தான் வெளிச்சம் நேராக விழுந்திருக்கிறது?)

"குட்டிச்சுவரை எல்லோருக்கும் பிடிக்கும்." (இது பரவாயில்லை. இருக்கட்டும்.)

குட்டிச்சுவர் என்றால் அவள்தான், என் அக்கா மகள். "இப்படித் தூங்கினா குட்டிச்சுவராத்தான் போவே" என்று அக்கா அவளை எழுப்பியது, வீட்டுக்கு வந்திருந்த கல்லூரிச் சிநேகிதிகள் காதில் விழுந்து, பெயர் ஒட்டிக்கொண்டது. படிப்பு முடியுமுன்பே பட்டம் வாங்கியவள் தான் ஒருத்திதான் என்று அவளுக்குப் பெருமை.

அவள் வரைந்தது ஒரு நூலகம். போன தடவை கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு அவளுடைய பேராசிரியர், "இது நூலகம் இல்லம்மா, செருப்பு டப்பா. உன் கற்பனை எங்கே?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது நடக்கப்போவது இறுதித் தேர்வு. வெளியிலிருந்து ஒரு நடுவர் வருவார். இதிலும் விழுந்தால் வருடம் முழுக்க மறுபடி முதலிலிருந்து.

ஆகவே இந்த முறை கோபத்தோடு உட்கார்ந்து, யோசிக்காமல் வரைந்திருந்தாள். சுற்றிச் சுற்றி உள்ளே போகும் நடை. அதன் ஓரமாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஆள் உட்காரலாம். உள்ளே தாழ்வான, உருண்டையான ஓர் இருக்கை. பின்சுவரில் மெல்லிசாகத் தண்ணீர் வழியும் சத்தம். ஒரு கதவு. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள். அட்டையில் செய்த மாதிரியில்கூட ஸ்டேப்ளர் பின்னை நறுக்கி, இடுக்கியால் பிடித்து, தாழ்ப்பாள் ஒட்டியிருந்தாள்.

"சங்கு!" என்றேன், படங்களைப் பார்த்ததும்.

"சங்கா?"

"காதுல வச்சா கடல் கேக்குமில்ல? உள்ள போகப் போக அமைதி. எழுதிக்கோ."

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'ஒவ்வொரு வாசகனும் தன் கடலைத் தானே கேட்கிறான்' என்ற வரி வந்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.*

* இந்த வரியை வேறு கதையில் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை எனக்கு மட்டுமே.

3

தேர்வைப் பெற்றோரும் வந்து பார்க்கலாம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அக்கா டாக்சியில் மாதிரியை மடியில் வைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அத்தான் வரைபடக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, தானே வரைந்ததுபோல் கூடத்துக்குள் நுழைந்தார்.

நடுவர் கறுப்புச் சட்டை போட்டிருந்தார். (பெரிய கட்டடக்கலைஞர்கள் எல்லோரும் ஏன் கறுப்புச் சட்டை போடுகிறார்கள் என்று ஒரு பத்தி எழுதினேன். நீங்கள் பிழைத்தீர்கள், எடுத்துவிட்டேன்.) குட்டிச்சுவர் சங்கைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தாள். கடல் வரியில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மறந்துவிட்டாள்.

நடுவர் குனிந்து மாதிரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி சத்தம் சரி, கடல். புத்தகத்துக்குப் பக்கத்துல தண்ணிய ஓட விட்ட தைரியத்துக்கே தனியா மார்க் போடலாம். ஆனா இந்த இருக்கை? இப்படி ஒரு உயரத்தை நான் எந்தப் புத்தகத்துலயும் பாத்ததில்லையே. எங்கேர்ந்து எடுத்தீங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. உயரத்தை எழுதும்போது அவள் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. கை தானாக எழுதியது.

"அப்புறம் இது," என்று நகநுனியால் குட்டிக் கதவைத் தொட்டார். "சங்குக்கு ஏதும்மா தாழ்ப்பாள்?"

கூடம் சிரித்தது. அத்தானின் சிரிப்புதான் பெரிது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திரும்பியவள், பக்கத்தில் அம்மா சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். தண்ணீர், உருண்டை இருக்கை, தாழ்ப்பாள். எதை வரைந்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவுக்கு முன்பே உறைத்துவிட்டிருந்தது.

4

இங்கே கதையை நிறுத்திவிட்டு அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

அக்காவுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை. நாள் முழுக்க, கன்னம் வீங்கி வருகிறவர்களைப் பார்த்துப் புன்னகைப்பது வேலை. வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவாள். அந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள கதவு அது ஒன்றுதான். குழாய்ச் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வருவாள்.

குட்டிச்சுவர் முதலாண்டில் சேர்ந்தபோது, சொந்த வீட்டை அளந்து வரைந்து வரச் சொன்னார்கள். டேப்பும் கையுமாகக் குளியலறைக் கதவைத் தட்டி அம்மாவை வெளியே கூப்பிட்டாள். அம்மாவின் தலை நனையவில்லை. துண்டும் நனையவில்லை. வாளி கவிழ்த்துப் போட்டிருந்தது. அதன்மேல் கைவைத்தால் சூடு. இருப்பதையெல்லாம் அளக்க வேண்டும் என்பது பாடம். வாளியையும் அளந்தாள். அன்றோடு மறந்தும் போனாள். கை மறக்கவில்லை.

இந்த இடத்தில் அக்கா பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அழாமல் ஒருத்தி எதற்குத் தாழ்ப்பாள் போட வேண்டும்?

"உள்ள உக்காந்து அழுதாங்கதானே?" என்று குட்டிச்சுவரிடம் கேட்டேன்.

"இல்ல மாமா."

"கொஞ்சமாவது?"

"எங்கம்மாவ அழ வைக்கறதுலயே ஏன் குறியா இருக்கீங்க? சும்மா உக்காந்திருந்தாங்க. அவ்ளோதான்."

'சும்மா'வை வைத்துக்கொண்டு ஓர் எழுத்தாளன் எப்படிப் பிழைப்பான்?

சரி, அத்தானை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். அதுவும் ஒட்டவில்லை. பாத்திரம் தேய்க்கிற வில்லன் உண்டா? அக்கா எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்றைக்கு ஆபீஸில் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. குளியலறைக் கதவைத் தட்டி, "உள்ள குளிக்கிறியா, கடலையே தாண்டுறியா?" என்று கேட்டுவிட்டு, வெளியே நின்றபடியே ஆபீஸ் கதையைத் தொடங்கிவிடுவார். அவருடையது கதவு தெரியாத அன்பு.

5

மறுபடி கூடம். நடுவர் தன் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"ஒண்ணு, இந்தத் தாழ்ப்பாள் எதுக்குன்னு சொல்லுங்க. இல்ல, நீங்களே அடிச்சிடுங்க. காரணம் சொல்ல முடியாத எதையும் கட்டடத்துல விட்டு வைக்கக் கூடாது."

அடித்தால் மிச்சம் இருப்பது பழைய செருப்பு டப்பாவே. சொன்னால் தேர்ச்சி, பாராட்டு, ஒருவேளை கைதட்டல்கூட. ஆனால் அத்தான் முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெரிந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார், அதுதான் ஆபத்து. அன்றைக்கே குளியலறைக்கு ஒரு குஷன் வாங்கிப் போடுவார். கதவைத் தட்டி, "வசதியா இருக்கா?" என்று கேட்பார். ஊரிலேயே அக்காவுக்கென்று இருந்த ஒரே இடம் அதோடு போயிற்று.

என் கைவசம் இருக்கும் முடிவுகள்:

அ) அவள் உண்மையைச் சொல்கிறாள். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நானும் வீட்டுக்கு வந்தப்புறம் கொஞ்ச நேரம் காருக்குள்ளயே உக்காந்திருப்பேன்மா" என்கிறார். கூடம் எழுந்து நிற்கிறது.

இதைப் படித்துக் காட்டியபோது குட்டிச்சுவர், "அவர் வந்ததே பைக்குல, மாமா" என்றாள்.

ஆ) அவள் தாழ்ப்பாளை அடித்துவிடுகிறாள். திரும்பும் வழியில் அம்மா மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக— (வேண்டாம். ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்களை இனிமேல் கதையில் சேர்ப்பதில்லை.)

இ) அம்மா எழுந்து நிற்கிறாள். "சார், அந்தச் சங்கு இவ எழுதினது இல்ல. இவ மாமா எழுதிக் குடுத்தது. அவனுக்கு எப்பவுமே இந்த மாதிரிதான் வரும்."

இந்த 'இ' நிஜமாகவே நடந்தது. என்னைக் காட்டிக்கொடுப்பதென்றால் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே தனி உற்சாகம். ஆனால் அன்றைக்கு அவள் எழுந்தது அதற்காக மட்டுமில்லை என்று நினைக்கிறேன். மகளை அந்தப் பொய்யிலிருந்து இறக்கிவிட்டாள். மிச்சத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அப்ப சங்கு இல்ல," என்றார் நடுவர். "வேற என்ன?"

குட்டிச்சுவர் அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பேனாவைத் தாள்மேல் கொண்டுபோய், "சார், இந்தத் தாழ்ப்பாள்—"

6

இதற்குமேல் எழுத மாட்டேன்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுத அனுமதி கேட்டபோது அவள் விதித்தது ஒரே நிபந்தனை: "என்ன வேணா எழுதுங்க மாமா. அம்மா எங்க உக்காருவாங்கங்கறத மட்டும் எழுதிடாதீங்க. நீங்க எழுதறதெல்லாம் அப்பா ஒரு வரி விடாம படிக்கிறார்."

நான் சொன்ன சொல் தவறாதவன். அது குளியலறை இல்லை. வாளியும் இல்லை, குழாயும் இல்லை. நடுவர் கேட்ட கேள்விகளும் வேறு. தாழ்ப்பாள் என்று நான் எழுதிய இடத்தில் இருந்தது தாழ்ப்பாளே அல்ல. உங்களைச் செருப்பைக் கழற்ற வைத்துக் கூட்டிக்கொண்டு போய், வேறொரு கதவின் முன்னால் நிறுத்திவிட்டேன். மன்னியுங்கள், உங்களுக்குப் பின்னால் அத்தானும் வந்துகொண்டிருந்தார்.

இவ்வளவு சுற்றி வளைத்திருக்கிறேன் என்றாலே அவள் கூடத்தில் உண்மையைப் போட்டு உடைக்கவில்லை என்று ஊகித்திருப்பீர்கள். கெட்டிக்காரர்கள். அப்படியென்றால் அடித்தாளா? இல்லை, காரணம் எதுவும் சொல்லாமல், அடிக்கவும் மறுத்து, பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றாளா? நின்றிருந்தால் கறுப்புச் சட்டை என்ன மார்க் போட்டிருக்கும்? நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். எப்படி முடித்தாலும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

அத்தான், உங்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துக்கொண்டே நடுவில் தலையைத் தூக்கி, அக்காவைக் காணோமே என்று பார்த்திருப்பீர்கள். குளியலறைக் கதவு திறந்துதான் கிடக்கும். எழுந்து தேட வேண்டாம். கூப்பிடவும் வேண்டாம். உட்கார்ந்து இன்னொரு தடவை முதலிலிருந்து படியுங்கள்.

வந்துவிடுவாள்.