ரத்தச் சீட்டு போன வழி

1994 ஜூனில், மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் லீலா பெண் குழந்தை பெற்றாள். அதன்பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. பிரசவ வார்டு நர்ஸ் சகாயமேரி ரத்தம் கேட்டு ரத்த வங்கிக்குச் சீட்டு அனுப்பினாள். பாட்டில் வந்து சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் லீலா போய்விட்டாள்.

மறுநாளே சகாயமேரியிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

சகாயமேரியின் கணவர் எலியேசர் அதே ஊரில், ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். இயந்திர வரிசையில் வேலை எந்த இடத்தில் தேங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் உத்தியோகம்.

"உன் சீட்டு எங்கெங்க நின்னுதுன்னு நான் பாக்கறேன்" என்றார்.

மருத்துவமனையில் அனுமதி வாங்கி, லீவு போட்டு, பன்னிரண்டு நாள் ஒவ்வொரு ரத்தச் சீட்டுக்கும் பின்னால் கடிகாரத்தோடு நடந்தார். நடை மொத்தம் ஒன்பது நிமிடம். ரத்தப் பொருத்தம் பார்க்க முக்கால் மணி. மீதியெல்லாம் காத்திருப்பு. தட்டு நிறைந்தால்தான் ஆயா ரத்த மாதிரிகளை எடுத்துப் போகலாம், அது விதி. இரண்டாவது டாக்டரின் கையெழுத்து இல்லாத சீட்டு திரும்பி வரும், அதுவும் விதி. யாரும் சும்மா இருக்கவில்லை.

சீட்டு நின்ற இடங்களைக் காட்டி அவர் வரைந்து கொடுத்த படத்தை மருத்துவமனை சூப்பரிண்டெண்ட் வெகுநேரம் பார்த்தார்.

"சென்னாகிதே, நல்லா இருக்கு எலியேசர். ஆனா விசாரணைக் கமிட்டிக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதான்."

"பேர் இல்ல சார். வழிதான் தப்பு."

சகாயமேரியை வேலையை விட்டு நீக்கினார்கள். படத்தை வைத்துக்கொண்டார்கள். அதன்படி பிரசவ வார்டிலேயே ஒரு ஃப்ரிட்ஜ், யாருக்கும் ஏற்றக்கூடிய ரத்தம் இரண்டு பாட்டில், கையெழுத்து பிறகு. அக்டோபரில் இன்னொரு பெண்ணுக்கு எட்டு நிமிடத்தில் ரத்தம் ஏறியது. அவள் பிழைத்தாள்.

அந்தச் செய்தி காதில் விழுந்து, லீலாவின் தாய் கமலம்மாள் அவர்கள் வீட்டுக்கு வந்தாள். கட்டட வேலைக்குப் போகிறவள். இடுப்பில் பேத்தி.

"சார், அன்னைக்கே அந்த ரத்தம் அங்க இருந்திருந்தா எம்பொண்ணு பொழச்சிருப்பாளா?"

எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று சொல்லியிருக்கலாம். எலியேசருக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

"பொழச்சிருப்பாம்மா."

கமலம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கமிட்டில கேட்டப்ப நான் சிஸ்டரைத்தான் கை காட்டினேன்" என்றாள்.

குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டது. சகாயமேரி அதை வாங்கி முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"சளி கட்டியிருக்கு. இன்னைக்கே காட்டணும்" என்றாள். "அந்த ஆஸ்பத்திரிக்கே போங்க. கிட்ட இருக்கு."