முன் இடது கால்

டொரொன்டோவில் பனி விழத் தொடங்கிவிட்டால் நாய்களின் பாதங்களை இரவில் கழற்றி வைத்துவிடுவார்கள். வீதியில் கொட்டுகிற உப்பு விரலிடுக்கில் புகுந்தால் வெடித்துவிடும். நவமணி இருந்த மாடிக் கட்டடத்திலும் அப்படித்தான். மாலையில் நடந்துவிட்டு வந்ததும் பாதங்களைக் கழற்றுவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, இடுக்கில் சிக்கிய பனிக்கட்டியை எடுத்து, கம்பளிக் காலுறைக்குள் போட்டு, நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறையின் சூட்டுக் குழாய்மேல் வைப்பார்கள். காலையில் வந்து எடுத்துப் போவார்கள். இதுவரை ஒரு குழப்பமும் வந்ததில்லை.

அன்று காலை நவமணியின் நாய் ஜிம்மியின் காலுறைக்குள் மூன்று பாதங்கள்தான் இருந்தன.

உதறிப் பார்த்தாள். குழாய்க்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தைத் திறந்தாள். உள்ளே யாரோ ஒருவருடைய இருமல் சுற்றிக்கொண்டிருந்தது. மரியாதையாக மூடினாள்.

கணவர் அரியரத்தினம் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்னப்பா, இன்னும் வரேல்லை? ஜிம்மி கதவடியிலை கிடந்து அழுகுது. நேற்றுப் பின்னேரம் தொடக்கம் ஒண்டுக்குப் போகேல்லை."

"ஒரு காலைக் காணேல்லை."

"எந்தக் கால்?"

"முன் இடது."

"அது கைகுடுக்கிற காலெல்லோ," என்றார்.

நிலவறைத் தரையில் ஈரத் தடம் இருந்தது. ஒரே பாதம், தனியாக, தத்தித் தத்தி லிஃப்டுவரை போயிருந்தது. உள்ளே ஏழாம் மாடிப் பொத்தானிலும் அதே ஈரம். நவமணி அதை அழுத்தினாள்.

ஏழாம் மாடி நடைபாதையில் கம்பளம் முழுக்க உப்புத் தூவியிருந்தார்கள். அவள் இறங்கினாள், செருப்பு இறங்கவில்லை. லிஃப்ட் அதைக் கொண்டு போய்விட்டது. நடக்க நடக்க நடைபாதை நீண்டது. கதவுகள் அவளைக் கண்டதும் சற்றுத் தள்ளிப் போய் நின்றன. குதிகால் எரிந்தது. ஜிம்மி அடக்கிக்கொண்டு நிற்கும் என்று நினைத்தபோது அவளுக்கும் அடிவயிறு இறுகியது.

கடைசிக் கதவு திறந்திருந்தது. உள்ளே சற்குணம் இருந்தார். கடிதப் பெட்டியடியில் எப்போதாவது தலையாட்டுகிற மனிதர். தனி ஆள். நாய் கிடையாது. மடியில் துவாய் விரித்து, அதில் பாதத்தை வைத்து, தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ தங்கச்சி. கதவைச் சாத்துங்கோ, குளிர் ஏறும்."

"அண்ணை, அது எங்கடை ஜிம்மியின்ரை கால்."

"தெரியும். தானாத்தான் வந்தது. கதவைப் பிறாண்டினது."

"தாங்கோ. அது பாவம், வெளியிலை போகவேணும்."

"தரலாம்," என்றார். "பிறகு என்ரை கை என்ன செய்யிறது?"

பாதத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். கைகள் நிற்கவில்லை. வெறும் மடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. அவரே அவற்றைப் பயத்தோடு பார்த்தார்.

"நீங்களும் ஒரு நாயை வளக்கலாமே அண்ணை."

"முழு நாய்க்கு என்னட்டைத் தெம்பில்லை. ஒரு கால் எண்டால் சமாளிப்பன்."

தொலைபேசி மறுபடி அடித்தது. எடுத்தால் முனகல் மட்டும் கேட்டது. ஜிம்மியா, அரியரத்தினமா என்று தெரியவில்லை. நவமணி தன் பாதங்களைப் பார்த்தாள். சற்குணமும் பார்த்தார்.

"சரியா வெடிச்சுப்போச்சு," என்றார் இரக்கமாக.

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். அவளுடைய இடது பாதம் லேசாகவே கழன்றது. அதை அவர் துவாயில் வைத்துவிட்டு ஜிம்மியின் காலை எடுத்துக்கொண்டாள்.

"பனி கரைஞ்சதும் வந்து எடுப்பன்."

"பாப்பம்," என்றார் சற்குணம்.

திரும்பும்போது நடைபாதை ஒரு கையளவு நீளம்தான் இருந்தது. ஜிம்மிக்கு நாலு பாதங்களையும் மாட்டினாள். அது முன் இடதை மட்டும் நெடுநேரம் மோந்தது. நவமணி தன் இடது சப்பாத்துக்குள் கம்பளிக் காலுறையைத் திணித்து நொண்டிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

"சப்பாத்துக் கடிக்குதோ?" என்றார் அரியரத்தினம்.

"ஓம்."

வெளியே ஜிம்மி முதல் மரத்தடியிலேயே காலைத் தூக்கியது. நெடுநேரம் தூக்கியபடி நின்றது. நவமணிக்கு மூச்சு வந்தது.

அப்போது இடது விரல்களுக்கிடையே எண்ணெய் பட்டது. இளஞ்சூடாக இருந்தது. ஒரு கட்டைவிரல் குதிகால் வெடிப்பை மெல்ல அழுத்திக்கொண்டு போனது. அவள் வெட்கப்பட்டு அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. அவள் பாதத்தை எவராவது தொட்டு எத்தனையோ காலம்.

சந்தி விளக்கடியில் தேய்ப்பது நின்றது.

காத்திருந்தாள். ஜிம்மியும் காத்திருந்தது. பாதத்தின்கீழ் முதலில் கம்பளம் பட்டது. பிறகு உப்பு. பிறகு படிகள், ஒவ்வொன்றாக இறங்கியது. பிறகு ஈரத் தார் வீதி.

"அண்ணை," என்று ஏழாம் மாடி யன்னல்களைப் பார்த்துக் கூப்பிட்டாள். ஒரு யன்னலில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அவை ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன.

விளக்கு மாறியது. ஜிம்மி கயிற்றை வீட்டுப் பக்கம் இழுத்தது. அவளுடைய இடது கால் வேறு பக்கம் போனது. தயங்காமல், நல்ல வேகமாகப் போனது. நவமணி ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.