ஈரச் சாக்ஸின் கடைசிப் பாட்டு

என் புருஷன் ஃபெர்கஸ் அன்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விரதமெல்லாம் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால், ‘ஈரச் சாக்ஸ்’ என்ற எங்கள் ஊர் ராக் குழு ‘மழைக்கோட்டு’ பாட்டை ஆரம்பித்த நேரம் பார்த்துக் கழிவறைக்குப் போனவன் அவன். திரும்பி வருவதற்குள் பாட்டும் முடிந்து, குழுவும் மேடையிலேயே சண்டை போட்டுப் பிரிந்திருந்தது. “நீ கேட்டிருக்கணும்” என்றேன். அதற்கப்புறமும் அவன் வாயை அடைக்க வேண்டியபோதெல்லாம் அதையே சொல்லி வந்திருக்கிறேன். உள்ளபடி சொன்னால், பாட்டு சுமார்தான்.

அன்று அவர்கள் மறுபடி சேர்ந்து, எங்கள் டனீடன் ஊரில், சண்டை போட்டுப் பிரிந்த அதே பப்பில் வாசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. முன்பு போல ராத்திரி வைத்தால் யாரும் விழித்திருக்க மாட்டோம். பாடகன் கேலம் வழுக்கைத் தலையோடு, மூக்குக்கண்ணாடி போட்டு, பாட்டைக் காகிதத்தில் பார்த்துப் பாடினான். எனக்கு அழுகை வந்தது. ஃபெர்கஸ் காலைப் பின்னிக்கொண்டு நின்றான்.

‘மழைக்கோட்டு’ மட்டும் பாக்கி வைத்து, கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த நாடகம். நாம் தரையை மிதித்துக் கூப்பிட வேண்டும். அவர்கள் மனசில்லாதவர்கள் மாதிரி திரும்பி வர வேண்டும். மிதித்தோம். வரவில்லை. கர்வம் குறையவில்லை பார் என்று இன்னும் பலமாக மிதித்தோம். என் முழங்கால் விட்டுப்போனது.

“மோராக், இனி தாங்காதுடி” என்று ஃபெர்கஸ் அழாத குறையாகச் சொல்லிவிட்டு ஓடினான். எனக்கே பாவமாக இருந்தது.

நெடுநேரம் ஆளைக் காணோம். அதற்குள் அந்தப் பப்பில் வாராவாரம் வினாடி வினா நடத்துகிறவர் வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டார். வினாடி வினாவுக்கு வந்து உட்கார்ந்த கூட்டத்தை எங்கள் ஊரில் யாராலும் அசைக்க முடியாது. முதல் கேள்வி கேட்டு முடிக்கையில், மழையில் நனைந்த கோழிகளாக நாலு பேர் ஃபெர்கஸுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஈரச் சாக்ஸ்தான், கால்வரை. ஒரு பாட்டுதான் என்று கேலம் கெஞ்சிப் பார்த்தான். உட்கார்ந்து விடை எழுதும்படி சொல்லிவிட்டார்கள்.

காரில் ஏறியதும்தான் ஃபெர்கஸ் வாயைத் திறந்தான். முன்பெல்லாம் மேடையை விட்டு இறங்கியதும் அவர்கள் ஒளிந்துகொள்ளும் மூலையில் இப்போது பீர் குளிர்பெட்டி நிற்கிறதாம். அதனால் பின்கதவு வழியாகச் சந்துக்குப் போயிருக்கிறார்கள். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. வாசலில் டிக்கெட் பார்த்த பெண்ணோ, கையில் நுழைவு முத்திரை குத்தாத வழுக்கைத் தலைகளை நம்பவில்லை. கடைசியில் கழிவறை ஜன்னலைத் தட்டியிருக்கிறார்கள். உள்ளே இவன்.

“உடனே போய்க் கதவைத் திறந்தியா?”

“திறக்கிறேன்னுதான் சொன்னேன். ஆனா என் ராசி எனக்குத் தெரியாதா? முதல்ல பாடுங்க, அப்புறம் திறக்கிறேன்னுட்டேன்.”

“மழையிலயா?”

“குப்பைத்தொட்டியில தாளம் போட்டாங்க. கேலமோட கண்ணாடி மேடையிலயே இருந்துடுச்சு, ரெண்டாவது சரணம் மறந்துட்டான். சிடியில கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம், நான்தான் பாடினேன்.” குரலைத் தாழ்த்தினான். “வெளிய சொல்லிடாதே. ஊரே சேர்ந்து என் தோலை உரிச்சிடும்.”

எனக்கு வயிறு எரிந்தது. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

காரைக் கிளப்பினான். இருபது வருஷம் காத்திருந்தவன், அவசரப்படவில்லை.

“நீ கேட்டிருக்கணும்” என்றான்.