எட்டும் கேட்டாச்சு

ஒரு மருத்துவமனை வார்டு. எட்டுக் கட்டில், எட்டு அழைப்பு மணி. நோயாளி பொத்தானை அமுக்கினால் கணினி கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்படி அதை உசுப்புவதற்கு இன்டரப்ட் என்று பெயர். ஒவ்வொரு மணிக்கும் ஓர் இன்டரப்ட் வேண்டும் என்று டிரைவர் கேட்கும். இருப்பதைப் பங்கு போட்டுக் கொடுப்பது நான் வடிவமைத்த இடைமுகம். டிரைவர் என்பது ஒரு நிரல், வண்டி ஓட்டுகிறவர் இல்லை. இதை அக்காவுக்கு விளக்கித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

எட்டு கேட்டு நாலுதான் இருந்தால் என்ன செய்வது? இதில்தான் எனக்கு மண்டை காய்ந்தது. மொத்தமாகக் கையை விரிப்பதா, இருப்பதைக் கொடுப்பதா? காலையில் ஒன்று சரியாகப் பட்டது, சாயங்காலம் மற்றது. கடைசியில், இருப்பதைக் கொடு, எத்தனை என்று பதிலில் சொல், ஒன்றுமே இல்லாவிட்டால் மட்டும் பிழை என்று எழுதிவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை, போங்கள்.

டிரைவரை எழுதியவன் அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரன், கண்ணாடி என்று பட்டப்பெயர். மருத்துவமனையில் பொருத்திவிட்டு போன் செய்தான்.

"எட்டும் கேட்டாச்சு. பிழை எதுவும் வரல."

எட்டு மணிகளும் அடித்து அவன் காதில் விழுந்துவிட்டன என்று நினைத்து, அப்பாடா என்று இருந்தேன்.

அந்த வாரமே அக்காவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. அதே வார்டு, ஐந்தாம் கட்டில்.

"தனியா இறங்கவே கூடாது. மணியை அமுக்கு, நர்ஸ் வருவாங்க. நாங்க பண்ணினதுதான்" என்று பெருமையடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போனால், அக்கா கட்டில் விளிம்பில், ஒரு கால் தரையில். ஓடிப்போய்த் தாங்கிப் படுக்க வைத்தேன்.

"எத்தனை தடவைதான் அமுக்குறது? உன் டிரைவர் டீ குடிக்கப் போயிட்டானா?"

நான் அமுக்கினேன். சத்தமே இல்லை. இரண்டாம் கட்டிலில் அமுக்கினேன், அடித்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண்ணாடியைக் கூப்பிட்டேன்.

"எட்டும் கேட்டாச்சுன்னியே?"

"ஆமா, கேட்டேன்."

"அஞ்சாவது கேக்கலையேடா."

"அதையும் சேர்த்துத்தான்டா எட்டு கொடுன்னு கேட்டேன். இரு, பாக்குறேன். உன் இடைமுகம் நாலுதான் கொடுத்திருக்கு. பிழைன்னு சொல்லலையே, எட்டும் வந்துடுச்சுன்னு விட்டுட்டேன். எத்தனை கிடைச்சுதுன்னு நீயும் கேக்கலையே."

யாரைத் திட்டுவது? அவனையா, என்னையா, தமிழையா? நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

"இங்கயேதான் இருக்கப் போறேன். எது வேணும்னாலும் என்னைக் கேளுக்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கேட்டா, உனக்காவது கேக்குமா?"