அழகு காட்டிய கதை

என் வீட்டுக்காரருக்குக் காலில் சக்கரம், கையில் கேமரா. வருஷம் முழுக்க ஸ்டுடியோவில் அடையாள அட்டைக்கு முகம் முகமாக எடுத்து அலுத்துப்போகிற மனிதர், லீவு கிடைத்தால் போதும், மலை, கடல், பாலைவனம் என்று கிளம்பிவிடுவார். கேமராப் பையைத் தோளில் மாட்டியதும் பத்து வயது குறைந்துவிடும். சும்மா சொல்லக்கூடாது, அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நானும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே போவேன்.

போன இடத்தில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். "நீ போய் அந்தப் பாறைகிட்ட நில்லு. ஆள் நின்னாத்தான் மலையோட அளவு தெரியும்" என்பார். நானும் தலையை வாரி, துணியின் கசங்கலை நீவிவிட்டு, மூச்சிரைக்க ஏறிப்போய்ச் சிரித்த முகமாக நிற்பேன். படத்தில் மலை மலையாக இருக்கும். நான் கடுகாக இருப்பேன்.

ஒருநாள் நாத்தனார் வந்து ஆல்பத்தைப் புரட்டினாள். அண்ணி எங்கே என்று கேட்டாள். இவர் பேனா முனையால் ஒரு புள்ளியைத் தொட்டு, "இதோ" என்றார். தூசி என்று நினைத்துத் துடைக்க இருந்தேன் என்று அவள் சொல்ல, அண்ணனும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! சின்னதாகத் தெரிவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த மனிதர் என்னைப் பார்க்கிறாரா, இல்லை ஒரு குச்சியை நட்டுவைத்ததாக நினைக்கிறாரா? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அழகாக நின்று பார்த்தாகிவிட்டது. இனி அழகு காட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த பயணத்தில் மலையடிவாரத்தில் நின்று நாக்கைத் துருத்தினேன். அருவிப் பக்கம் ஒன்றரைக் கண் வைத்தேன். மணல்மேட்டில் இரண்டு கைகளையும் காதருகே வைத்து ஆட்டினேன். "பிரமாதம், அப்படியே நில்லு" என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. வீடு திரும்பியதும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேகத்தின் ஓரத்தையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்தார். என் பக்கம் வரவே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னாலும் ஒருமுறை அழகு காட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

இப்படியிருக்கையில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் முதலாளியம்மா, தன் புது அலுவலகத்தின் சுவரை அடைக்கிற மாதிரி இவர் படம் ஒன்றைக் கேட்டார். அச்சடிக்கிற வேலையை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்தப் படம் என்று விசாரித்தேன். நாக்கு! சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. மலை எப்படிப் பேசுகிறது பார் என்று இவர் ஆரம்பித்ததும், கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று காட்டத்தான் போகிறேன் என வாயை மூடிக்கொண்டேன்.

திறப்பு நாளில் திரையை விலக்கினார்கள். மலை கம்பீரமாக நின்றது. அதன் காலடியில் ஒரு சாண் உயரத்துக்கு நான், வந்தவர்கள் எல்லோருக்கும் நாக்கைக் காட்டிக்கொண்டு. இவர் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளியம்மாதான் முதலில் சிரித்தார்.

"மலையையே கிண்டல் பண்ற ஆளை எங்க பிடிச்சீங்க? இவங்களுக்காகத்தானே இந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தேன்."

"என் வீட்டுக்காரி" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஒவ்வொரு படத்திலும் என்னைத் தேடிப் பெரிதாக்கினார். ஒன்றரைக் கண்ணுக்குச் சிரித்தார். மணல்மேட்டுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். பிறகு அதற்கும் முந்தைய பழைய படங்களைத் திறந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லாத்துலயும் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே நிக்கறியே" என்றார்.

"வேற யாரைப் பார்த்துச் சிரிக்கறதாம்?" என்றேன். வெடுக்கென்று சொல்லத்தான் நினைத்தேன். கொஞ்சலாகத்தான் வந்தது.

அதற்கப்புறம் பனிமலைக்குப் போனோம். பழக்க தோஷத்தில் பாறையைப் பார்த்து நடந்தவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார். மூக்குக்கு நேரே லென்ஸை நீட்டி எடுத்துத் தள்ளினார்.

புது ஆல்பத்தை நாத்தனார் முன்னும் பின்னும் புரட்டினாள்.

"பனிமலைன்னீங்களே அண்ணி, மலை எங்கே?"

பேனாவை எடுத்து, என் காதோரம் வெள்ளையாகத் தெரிந்த புள்ளியைத் தொட்டுக் காட்டினேன்.

"இதோ."