நடுக்கம்பி

லாரிக் கதவை நிமிர்த்தி மாட்டியாகிவிட்டது. கண்ணாடிதான் இன்னும் போடவில்லை. பட்டறைக்காரர் அந்தோணிசாமி கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே, பழைய மாதிரியே இரண்டாகப் போடுவதா, இல்லை ஒரே கண்ணாடியாகப் போட்டுவிடுவதா என்று மறுபடியும் கேட்டார். காலையிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். பவானி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூக்கு நீண்ட பழைய பார்கோ லாரி அது. அவள் புருஷன் சாமிக்கண்ணு உயிரோடு இருந்தபோது வாங்கியது. வாங்கும்போதே அது பழைய வண்டிதான். அவர் மஞ்சள் காமாலையில் போனபிறகு சொந்தக்காரர்கள் எல்லாரும் விற்றுவிடு என்றார்கள். பவானியின் தம்பி செந்தமிழ்செல்வன் மட்டும், நான் ஓட்டுகிறேன் என்று வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். அன்றிலிருந்து லோடு பேசுவது அவள், ஓட்டுவது அவன் என்று இரண்டு குடும்பமும் அந்த வண்டியால்தான் சாப்பிட்டது.

பழைய வண்டிகளுக்கே உரிய மாதிரி அதன் கதவில் இரண்டு கண்ணாடிகள் இருந்தன. முன்பக்கம் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி. அதைக் கையால் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்தால் ஓடும்போது காற்று நேராக டிரைவர் முகத்தில் வந்து அடிக்கும். அதை ஒட்டி நெட்டுக்குத்தாக ஒரு இரும்புக் கம்பி. கம்பிக்குப் பின்னால் ஏற்றி இறக்குகிற பெரிய கண்ணாடி. பார்கோவில் இன்ஜின் சூடு முழுக்க உள்ளேதான் ஏறும். சித்திரை வெயிலில் அந்த முக்கோணக் கண்ணாடி இல்லாமல் உள்ளே உட்கார முடியாது. ஆனால் நடுவில் நிற்கிற கம்பி பார்வைக்கு இடைஞ்சல் என்று இந்த மாதிரி வண்டி வைத்திருந்த பலரும் அதை அறுத்துப் போட்டுவிட்டு ஒரே கண்ணாடியாக மாற்றிக்கொண்டுவிட்டார்கள். மழைத்தண்ணீர் ஒழுகாது, கடகடவென்று ஆடாது, வெளியே பளிச்சென்று தெரியும். காற்று மட்டும் முகத்துக்கு வராது. பாண்டிச்சேரியில் உடைக்கப் போட்டிருந்த ஒரு பார்கோவிலிருந்து முக்கோணக் கண்ணாடியைச் சட்டத்தோடு எடுத்து வைக்கச் சொல்லியிருப்பதாக அந்தோணிசாமி சொன்னார்.

"ரெண்டுலயும் ஒண்ணு கெடைக்கும், ஒண்ணு போவும்மா. ஓட்டுறவரு என்னா சொல்றாரோ அதக் கேட்டுச் சொல்லு."

ஓட்டுகிறவன் பட்டறையின் வாசலில் கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் லாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

'தானே' புயல் அடித்துப் போட்ட வருஷம் அது. அண்ணாகிராமம் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. வீட்டுக்குப் பின்னால் தாத்தா காலத்து மரங்கள் படுத்துக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஜனங்கள் கிடைத்த விலைக்கு வெட்டி ஏற்றிவிட்டார்கள். லாரி கிடைக்கவில்லை. வேலையில்லாமல் நின்றிருந்த பழைய வண்டிகளைக்கூடத் தேடி வந்து கூப்பிட்டார்கள். பவானியும் வெட்டுகிற இடத்திலேயே நின்று ஆள் விட்டு ஏற்றி அனுப்பினாள். செல்வன் கொண்டுபோய்க் கடலூருக்கு வெளியே சிதம்பரம் ரோட்டில் இருக்கும் மரவாடியில் இறக்கிவிட்டு வருவான். வந்ததும் அடுத்த லோடு. அந்த மாதம் முழுக்க அப்படித்தான் போயிற்று.

தை பிறந்து சில நாள் கழித்து, ஒரு மதியம், மரவாடிக்குள் போக வலதுபக்கம் வண்டியைத் திருப்பும்போது எதிரே வந்த சைக்கிளில் இடித்துவிட்டான். சைக்கிளில் வந்தது புஷ்பவள்ளி என்ற பெண். கடலோரத்துக் குப்பத்துக்காரி. புயலில் படகு உடைந்து புருஷன் கரையில் உட்கார்ந்துவிட்டதால், அவனுடைய பெரிய சைக்கிளில் மீன் கூடையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கக் கிளம்பியிருந்தாள். வண்டி மெதுவாகத் திரும்பியதால் உயிர் பிழைத்தாள். இடுப்பும் தொடையும் உடைந்துபோயின. கூடிய ஜனம் டிரைவர் பக்கத்துக் கண்ணாடிகளைக் கல்லால் அடித்து நொறுக்கிக் கதவையும் வளைத்துவிட்டது. செல்வன் ஓடவில்லை. அந்தப் பெண்ணைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியதே அவன்தான். அப்போதும் அடி விழுந்துகொண்டுதான் இருந்ததாம்.

கேட்டவர்களிடமெல்லாம் அவன் ஒன்றைத்தான் சொன்னான். ஸ்டேஷனில் சொன்னான், வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரியிடம் சொன்னான், தன் பெண்டாட்டி சரண்யாவிடம் சொன்னான். நடுக்கம்பி மறைத்துவிட்டது, சைக்கிள் தெரியவில்லை. ஜாமீனில் வந்தபிறகும் யாரும் கேட்காமலே அதைச் சொன்னான். சொல்லிவிட்டு எதிராளி முகத்தைப் பார்ப்பான்.

அவன் சொல்லாமல் விட்டது பவானிக்கு மட்டும்தான் தெரியும். அன்று காலை ஒரு லோடு இறக்கிவிட்டு வந்தவன் முகத்தைக் கழுவிக்கொண்டு, இன்னொன்று இன்றைக்கு வேண்டாம் அக்கா, கண்ணெல்லாம் எரியுது என்றான். மரம் வெட்டிக் கிடக்கிறது, நாளைக்கு வேறு லாரிக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவான், இது ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொள் என்று அவள்தான் சொன்னாள். அவன் இரண்டாம் பேச்சு பேசவில்லை. டீ குடித்துவிட்டு ஏறிப் போனான். வழக்குக்காக வக்கீலிடம் போனபோதும் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. வக்கீல் கம்பியைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டார்.

அதனால்தான் அந்தோணிசாமி கேட்கிற கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கம்பியை அறுத்துவிட்டால் எல்லாக் குற்றமும் அதோடு பழைய இரும்புக் குவியலுக்குப் போய்விடும் என்று ஒரு பக்கம் தோன்றியது. அப்படி நினைப்பதே அசிங்கமாகவும் இருந்தது.

செல்வன் டிரம்மிலிருந்து எழுந்து வந்தான். பட்டறை ஆள் ஒருவனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

"நீ ஒக்காந்து பாருக்கா. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீயே பாரு."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். அவன் அதற்குள் சைக்கிளோடு தூரமாகப் போய்விட்டான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை. சீட்டு அவன் உடம்புக்குக் குழிந்து கிடந்தது. அந்தோணிசாமி நிமிர்த்தி வைத்த கம்பி வெறும் சட்டத்துக்குள் நெட்டாக நின்றது. எதிரே செல்வன் சைக்கிளைத் தள்ளியபடி, அன்று அந்தப் பெண் வந்த மாதிரி வலதுபக்கமாக வர ஆரம்பித்தான்.

முக்கோணத்தில் தெரிந்தான். நரை விழுந்த கிராப்பு, நெற்றியில் தையல் போட்ட அடையாளம், எல்லாம் தெரிந்தது. பக்கத்தில் வர வர கம்பியை நோக்கி நகர்ந்தான். ஒரு இடத்தில் கம்பிக்குப் பின்னால் சைக்கிளோடு சேர்ந்து முழுசாகக் காணாமல் போனான். உண்மைதான், மறைக்கத்தான் மறைக்கிறது. அவளை அறியாமல் தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். உடனே தெரிந்தான். பின்னால் இழுத்தாள், மறைந்தான். மறுபடி நீட்டினாள், அங்கேதான் இருந்தான். கழுத்தை ஒரு விரற்கடை அசைத்தால் போதும். தூக்கம் கெட்டவனுக்கு அந்த ஒரு விரற்கடையும் அசையாது என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

கதவருகில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தான்.

"மறைக்குதா?"

"ஒரு எடத்துல மறைக்குது" என்றாள் பவானி. மற்றதைச் சொல்லவில்லை.

அவன் முகம் தளர்ந்தது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, அப்படியென்றால் ஒரே கண்ணாடியாகவே போட்டுவிடச் சொல் என்றான். சிதம்பரம் போய்விட்டு வந்து முடிவாகச் சொல்கிறேன் என்று அவள் அந்தோணிசாமியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

புஷ்பவள்ளியை முதலில் கடலூரில் சேர்த்து, அங்கிருந்து சிதம்பரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். பவானி ஏற்கெனவே தனியாகப் போய்ப் பார்த்திருந்தாள். செல்வன் போனது அன்றுதான் முதல் தடவை. மத்தியான பஸ்ஸில் இரண்டு பேரும் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டான். கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

புஷ்பவள்ளிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்த அவள் மாமியார் தைலம்மாள், செல்வனை யாரென்று தெரிந்துகொண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புஷ்பவள்ளி திருப்பவில்லை. ரொம்ப நேரம் படுத்தே கிடந்தவர்களுக்கு வரும் ஒரு சலிப்போடு அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, கம்பி மறைத்துவிட்டதம்மா, நீ வந்தது தெரியவில்லை என்று மெதுவாகச் சொன்னான்.

புஷ்பவள்ளி பவானியைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு அவரு தெரிஞ்சாருக்கா. அந்தச் சின்னக் கண்ணாடியில மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. அவரும் என்னப் பாத்துட்டாரு, நிறுத்திடுவாருன்னுதான் நான் வந்தேன்."

"கண்ணு மூடியிருந்துதா?" என்று பவானி கேட்டாள். கேட்டபிறகுதான் ஏன் கேட்டோம் என்று இருந்தது.

புஷ்பவள்ளி யோசித்தாள். "தொறந்துதான் இருந்துது. ஆனா பாக்கல."

கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. ஞாபகத்தில் இருப்பதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற கவனம்தான் இருந்தது. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தைலம்மாள் எழுந்து செல்வனின் கையிலிருந்த பழப்பையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியபிறகுதான் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. செல்வன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தான். பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற இடத்தில் பாதிப் பஸ் காலியாயிற்று.

"பழசயே போடச் சொல்லுக்கா" என்றான்.

"எதுக்கு? அது மறைக்குதுன்னு நீதான சொன்ன."

"மறைக்குது. இல்லன்னு சொல்லல. அன்னிக்கு மறைச்சது அது இல்ல."

பவானி வெளியே பார்த்தாள். சவுக்குத் தோப்புகள் புயலில் ஒரே பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றன. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"கண்ணு எரியுதுன்னு நீ சொன்ன. நான்தான் போய்ட்டு வந்துடுன்னு அனுப்பினேன்."

"ஆமாம்."

"அத ஏன் நீ யாருகிட்டயும் சொல்லல?"

"நீயும் தூங்காமதான இருந்தக்கா" என்றான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. கடலூர் வரும் வரைக்கும் அவள் மறுபடி மறுபடி ஒரே கண்ணாடியைப் பற்றியே பேசினாள். கம்பி கண்ணெதிரே நின்றால் தினமும் அதே ஞாபகம்தான் வரும், எதற்கு அது என்றாள். அவன் கேட்டுக்கொண்டான். முகத்தில் காற்று அடித்தால் எனக்கு நல்லது, மறைக்கிற இடத்தை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன், கம்பியை அறுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நானே நம்பிவிடுவேன் என்றான். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை.

மறுநாள் அந்தோணிசாமியிடம் பழைய மாதிரியே போடச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அங்கிருந்து நேராக மரவாடிக்குப் போய், இனிமேல் எங்கள் வண்டி ஒரு நாளைக்கு ஒரு நடைதான் அடிக்கும் என்றாள். மரவாடிக்காரர் தலையை ஆட்டிவிட்டு, அவள் முன்னாலேயே வேறொரு லாரிக்காரனுக்குப் போன் போட்டு மீதி லோடைப் பேசினார். அவள் நின்று அதையும் கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

வண்டி வெளியே வந்த அன்று சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு முந்திரி விறகு லோடு கிடைத்தது. நானும் வருகிறேன் என்று பவானி இடதுபக்கம் ஏறிக்கொண்டாள். அவன் வேண்டாமென்று சொல்லவில்லை. விபத்து நடந்ததிலிருந்து அவன் வீட்டில் படுப்பதே இல்லை, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறான் என்று சரண்யா அவளிடம் சொல்லியிருந்தாள். பார்த்தாலே தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்து வீங்கியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் சீட்டிலிருந்து உடம்பைத் தூக்கிக் கம்பிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பார்த்தான். யாருமே இல்லாத ரோட்டிலும் பார்த்தான். மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டிப் போனார்கள். முக்கோணக் கண்ணாடி வழியாக வந்த காற்றில் அவன் சட்டைக் காலர் படபடத்தது. அந்தக் காற்று பவானி வரைக்கும் வரவில்லை.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் நாலைந்து வண்டிகள். செல்வன் ஓரமாக ஒடித்து நிறுத்தி இன்ஜினை அணைத்தான். ரயில் வரக் காணோம். வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள் வந்து கேட்டுவிட்டுப் போனாள். பவானி அவனிடம் வேண்டுமா என்று கேட்கத் திரும்பினாள். அவன் தலை பின்னால் சாய்ந்து வாய் லேசாகத் திறந்திருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை மெல்ல நழுவி மடியில் விழுந்தது.

ரயில் தடதடவென்று போனது. அவன் விழிக்கவில்லை. கேட் திறந்ததும் முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து போயின. பின்னாலிருந்து ஹாரன் கிளம்பியது. முதலில் ஒரு வேன், அப்புறம் பஸ், அப்புறம் எல்லாம் சேர்ந்து. பவானி அவன் தோளைத் தொடக் கையை நீட்டினாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

சத்தம் போடாமல் கதவைத் திறந்து இறங்கி, லாரியின் பின்பக்கம் வந்து வெயிலில் நின்றாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, வலதுபக்கமாகப் போ, வலதுபக்கமாகப் போ என்று கையை வீச ஆரம்பித்தாள். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, வண்டி என்னாச்சு என்று கத்தினார். கேட்கீப்பர் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். பஸ் உறுமிக்கொண்டு ஒதுங்கித் தாண்டியது, அதன் பின்னால் வேன், ஒரு டிராக்டர், கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி. புழுதி அடங்குவதற்குள் அடுத்த வரிசை வந்து நின்றது. அவள் கையை மாற்றிக்கொண்டு வீசினாள்.