பாக்கியத்தின் இஞ்சின் புகையும்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு வீம்பில் பிறந்தது. உறைந்த ஏரியில் ஓட்டை போடுகிற இஞ்சினுக்குப் பெட்ரோலும் எண்ணெயும் கலப்பதை வைத்து ஒரு கதை எழுது பார்ப்போம் என்றார் நண்பர். மலாக்காவில் எந்த ஏரி ஐயா உறைகிறது என்றேன். "அப்ப உன்னால முடியாது" என்றார். முடியாதா? யாரைப் பார்த்து?

2.

காஜா பெராங் தெருவில் மாலை வெயில் பொன்னாக உருகி—

சீ, வேண்டாம். கதாநாயகி பாக்கியலட்சுமி படித்தால், "வெயிலப் பத்தி எழுதவா என்னைக் கூப்பிட்டே?" என்பாள். நேராகவே ஆரம்பிக்கிறேன்.

பாக்கியத்துக்குக் காஜா பெராங்கில் ஐஸ் கடை. செத்துப்போன புருஷன் சேதுராமன் விட்டுப்போனது அந்தக் கடையும் ஓர் இஞ்சினும்தான். கப்பலேறிப் போன கனடாக்காரத் துரை ஒருவர் கொடுத்த இஞ்சின். முன்னால் திருகுபோல் சுற்றிய இரும்புத் தண்டு. அவர்கள் ஊரில் அதை வைத்து ஏரியைத் துளைத்து மீன் பிடிப்பார்களாம். பாக்கியம் அதை வைத்து ஐஸ் கட்டியில் வரிசையாகத் துளை போடுவாள். ஒரு தட்டுத் தட்டினால் கட்டி கோடு கிழித்த மாதிரி பிளக்கும்.

பதினாறு டின் பெட்ரோலுக்கு ஒரு டின் எண்ணெய். தனிக் கேனில் கலந்து, நன்றாகக் குலுக்கி, அப்புறம்தான் டாங்கியில் ஊற்ற வேண்டும்.* எண்ணெய் எரிவதால் நீலப் புகை வரும். எண்ணெய் இல்லையென்றால் புகையும் இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் உள்ளே இரும்போடு இரும்பு உரசி, சூடேறி, இறுகிவிடும். பிறகு அதைப் பழைய இரும்புக்காரனிடம்தான் போட வேண்டும்.

(* டாங்கிக்குள் தனித்தனியாக ஊற்றினால் எண்ணெய் அடியில் தங்கிவிடும். இதை அடிக்குறிப்பாகப் போட்டதில் பாக்கியத்துக்குக் கோபம். "முக்கியமானத ஏன் கீழ தள்ளுறே?")

3.

1956 பிப்ரவரி. பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவிக்கப் போகிறார்கள், ஊரே திரள்கிறது. வண்டியில் ஐஸும் சர்பத்தும் இஞ்சினும் ஏற்றிக்கொண்டு பாக்கியம் கிளம்பும்போது, புருஷனுடைய அண்ணன் மருதமுத்து தெருவே கேட்கச் சொன்னார்.

"பொம்பள கைக்கு இஞ்சின் அடங்காது. திடல்ல அது நின்னுச்சுன்னா, கடைய எங்கிட்ட விட்டுட்டு எங்க வீட்டு அடுப்படிக்கு வந்துரு."

"நிக்காது மாமா. நின்னா வர்றேன்."

(ஐஸைச் சுத்தியலால் உடைக்கலாமே என்கிறீர்களா? உடைக்கலாம். இஞ்சின் நின்றுபோனது என்று மாமா கடைச் சாவியைக் கேட்பார்.)

திடலில் இஞ்சின் புகைந்தது. தோளில் பட்டை போட்ட தொண்டர் தேவதாஸ் ஓடிவந்தார்.

"அக்கா, பெரியவங்கல்லாம் வர்ற நேரம். புகையில்லாம ஓட்டுங்க, இல்லன்னா வண்டிய எடுங்க."

பாக்கியம் இஞ்சினை அணைத்தாள். வண்டியை எடுத்தாலும் மாமா அதைத் தோல்வியாகத்தான் சொல்வார். பின்னாலேயே வந்திருந்த மாமா ஒரு கேனை நீட்டினார்.

"சுத்தப் பெட்ரோல் ஊத்து, எண்ணெய் வேணாம். புகையே வராது. ஒரு நாளைக்கு என்னாயிரும்?"

இவரை வில்லனாக்கத்தான் முதலில் பார்த்தேன். ஒத்துவரவில்லை. மனுஷன் நிஜமாகவே புகைக்கு வெட்கப்படுகிறார், பெரியவர்கள் முன்னால் நம் குடும்பத்துப் புகை இப்படி—

4.

முடிவு ஒன்று: பாக்கியம் சுத்தப் பெட்ரோலை ஊற்றுகிறாள். கூட்டம் ஆர்ப்பரிக்கிற அந்த நொடியில் இஞ்சின் கிறீச்சிட்டு இறுகுகிறது. கண்ணீர் ஐஸ் மேல் விழுகிறது.

எழுதியது எனக்கே பிடித்திருந்தது. ஆனால் அவள் கேனை வாங்கவே இல்லை. திரும்பத் திரும்ப அவள் கையில் திணித்துப் பார்த்தேன். "நீயும் அவங்க ஆளுதானா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

முடிவு இரண்டு: எண்ணெயைப் பாதியாகக் குறைக்கிறாள். எல்லோருக்கும் சமாதானம்.

"பாதி எண்ணெய் ஊத்துனா பாதி இஞ்சினா ஓடும்? போய் வேற வேலையப் பாரு."

5.

அவள் தன்னுடைய கேனைக் குலுக்கினாள். ஊற்றினாள். கயிற்றைச் சுண்டி இழுத்தாள். புகை திடலின் ஓரமெல்லாம் பரவியது.

"அலாமாக்! அக்கா!" என்று பதறினார் தேவதாஸ்.

"வெள்ளைக்காரன் ஆண்டப்பவும் இது புகைஞ்சுது தம்பி. அப்ப ஒருத்தரும் மூக்கப் பொத்தல. நாம ஆளப்போறப்ப மட்டும் புகையக் கூடாதா? ஓடுற இஞ்சின் புகையத்தான் செய்யும்."

மருதமுத்து வாயைத் திறந்தார், இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கட்டி பிளந்து விழுந்தது. பாக்கியத்துக்குப் பயமாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். தேவதாஸ் தலையைச் சொறிந்தார். பிறகு ஐஸ் வாங்க நின்ற வரிசையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"இந்தப் புகை யாருக்காச்சும் தொந்தரவா? சொல்லுங்க, இப்பவே வண்டிய எடுக்கச் சொல்லிர்றேன்."

6.

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். வரிசையில் முதலில் நிற்பது நீங்கள். கண் எரிகிறது, அதை இல்லையென்று சொல்ல முடியாது. நாக்கும் வறண்டிருக்கிறது. ஒரு பக்கம் மருதமுத்து உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாம், என்னிடம் முடிவு கிடையாது.

பாக்கியம் இஞ்சினை அணைக்கவில்லை.

"கேக்குறாருல்ல?" என்கிறாள் உங்களிடம். "வாயத் தொறந்து சொல்லுங்க."